காற்றின் கணக்கும் கமக்காரரின் கணக்கும்

கட்டுக்கரைக் குளத்தின் கீழ்ப் பயிர் செய்யும் கமக்காரர் ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் ஒரு கணக்கைப் பார்த்தே முடிவு செய்கின்றனர். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது, அது எத்தனை ஏக்கருக்குப் போதும், எந்த வாய்க்காலுக்கு எப்போது நீர் திறப்பது என்பன அக்கணக்கில் அடங்கும். ஒரு போகத்தின் முடிவுக்கு ஒரு நாளைய நீர்மட்டம் போதுமானது. ஆனால் குளம் தூர்ந்து வருகின்றதா, மாரி மழை முன்னையிலும் பிந்தி வருகின்றதா என்று அறிய வேண்டுமாயின் ஒரு நாளைய அளவு உதவாது. ஒரே அளவுகோலால், ஒரே இடத்தில், இடைவிடாது பல்லாண்டு எழுதி வைத்த குறிப்பு வேண்டும்.

பூமியைச் சூழ்ந்துள்ள காற்றுக்கும் இவ்விதியே பொருந்தும். உலகின் பல பாகங்களில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் காற்றின் கணக்கு எழுதப்பட்டு வருகின்றது. அக்கணக்கு யாது கூறுகின்றது, மன்னார்க் கமக்காரரின் வயலையும் கிணற்றையும் அது எவ்வாறு தொடுகின்றது, அவர் செய்யத்தக்கது யாது என்பனவற்றை இப்பிரசுரம் விளக்குகின்றது.

பச்சைவீட்டு வாயுக்கள் யாவை?

காற்றின் பெரும்பகுதி நைதரசனும் ஒட்சிசனுமாகும். இவையன்றி மிகச் சிறிய அளவில் வேறு வாயுக்களும் காற்றில் உண்டு. அவற்றுள் காபனீரொட்சைட்டு, மெதேன், நைதரசு ஒட்சைட்டு ஆகிய மூன்றும் முக்கியமானவை. சூரிய ஒளி இவ்வாயுக்களின் ஊடாகத் தடையின்றி வந்து நிலத்தைச் சூடாக்கும். சூடான நிலம் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்களை மேலே விடும். அக்கதிர்களில் ஒரு பகுதியை இவ்வாயுக்கள் உறிஞ்சிக் கொள்ளும். குளிர் நாடுகளில் கண்ணாடி வீடு அமைத்துப் பயிர் வளர்ப்பதை ஒத்திருப்பதால் இவை பச்சைவீட்டு வாயுக்கள் எனப் பெயர் பெற்றன.

இவ்வாயுக்கள் முற்றாகத் தீயவை அல்ல. இவை இல்லாதிருந்தால் பூமியின் சராசரி வெப்பம் உறைநிலைக்குக் கீழே 18 பாகையாக இருந்திருக்கும். நெல்லும் விளையாது, மனிதரும் வாழ்தல் அரிது. பயிருக்கு அளவான பசளை நன்மையும் மிகையான பசளை தீமையும் செய்வது போல, இங்கும் அளவே கவனிக்கப்பட வேண்டியது. காற்றில் காபனீரொட்சைட்டு மிகுமாயின் பூமி சூடேறும் என்பதைச் சுவீடன் நாட்டு விஞ்ஞானி அரேனியசு 1896ஆம் ஆண்டிலேயே கணித்துக் கூறினார். ஆயினும் அது உண்மையில் மிகுகின்றதா என்பதை அன்று எவரும் அளந்தறியவில்லை.

காற்றை அளந்த வரலாறு

1958ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சாள்ஸ் டேவிட் கீலிங் என்னும் அமெரிக்க விஞ்ஞானி பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஹவாய்த் தீவில் இவ்வளவையைத் தொடக்கினார். மௌனா லோவா என்னும் எரிமலையின் சரிவில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3400 மீற்றர் உயரத்தில் அந்த நிலையம் அமைந்துள்ளது. அவர் நெல்வயலின் நடுவிலோ நகரத்திலோ கருவியை வையாமைக்குக் காரணம் உண்டு. வயலில் பகலில் பயிர் காபனீரொட்சைட்டை உண்ணும். இரவில் பயிரும் மண்ணும் அதனை வெளிவிடும். ஆகவே அங்கு எடுக்கும் அளவு அவ்வயலின் கதையைச் சொல்லுமேயன்றி உலகின் கதையைச் சொல்லாது. உயர்ந்த மலையில் கடலைக் கடந்து வரும் காற்றோ நன்றாகக் கலந்து வருவதாகும்.

முதலிரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. முதலாவது, காபனீரொட்சைட்டு ஆண்டுதோறும் மே மாதம் வரை ஏறி, பின்னர் செப்டெம்பர், ஒக்டோபர் வரை இறங்குகின்றது. பூமியின் வடபாதியிலே காடும் பயிரும் தழைக்குங் காலத்தில் அவை இவ்வாயுவை உண்பதும், இலை உதிர்ந்து மக்குங் காலத்தில் அது மீண்டும் காற்றில் சேர்வதும் இதற்குக் காரணமாகும். உலகத்துத் தாவரங்கள் யாவும் சேர்ந்து மூச்சு விடுவதை ஒரு மலையின் கருவி பதிந்தது என்று கூறலாம். இரண்டாவது, இந்த ஏற்ற இறக்கத்தின் கீழே, ஒவ்வோராண்டும் முன்னாண்டிலும் சற்று உயர்ந்த மட்டத்திலேயே நின்றது.

1959ஆம் ஆண்டில் அங்கு சராசரியாகப் பத்து இலட்சம் பங்கு காற்றில் 316 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. 2024ஆம் ஆண்டில் உலகச் சராசரி ஏறக்குறைய 424 பங்காயிற்று. ஒரு புசல் நெல்லில் எட்டு இலட்சம் மணிகள் உள்ளன என்று கொண்டால், 1959இல் அவற்றுள் ஏறக்குறைய 250 மணிகளும் இன்று ஏறக்குறைய 340 மணிகளும் இவ்வாயுவாகும். இத்துணைச் சிறிய மாற்றத்தைக் கண்ணாலோ மூக்காலோ அறிதல் இயலாது; தவறாத அளவையினாலேயே அறியலாம்.

அந்தாட்டிக்காவின் பழம் பனிக்கட்டிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகளும் ஆராயப்பட்டன. எட்டு இலட்சம் ஆண்டுகளில் காபனீரொட்சைட்டு 300 பங்கைத் தாண்டியதில்லை என்பதும், யந்திரத் தொழில்கள் பெருகுமுன் ஏறக்குறைய 280 பங்காக இருந்தது என்பதும் அதனால் தெரிந்தன.

அளவை எவ்வாறு நடைபெறுகின்றது?

இவ்வளவைக்கு மூன்று ஒழுங்குகள் இன்றியமையாதன.

ஒன்று, படி ஒன்றாக இருத்தல். சந்தையில் முத்திரையிட்ட படியால் அளந்தாலன்றி ஒருவரின் பத்துப் படி மற்றவரின் பத்துப் படிக்குச் சமமாகாது. அவ்வாறே, இன்ன அளவு வாயு உண்டு என்று முன்னரே திட்டமாக அறியப்பட்ட காற்றை உருளைகளில் அடைத்து, ஒவ்வொரு நிலையத்தின் கருவியையும் அதனோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றனர்.

இரண்டு, இடம் பல ஆதல். 1976இல் அவுஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவிலுள்ள கிறிம் முனையிலும் ஒரு நிலையம் அளவை தொடங்கியது. கருவி வைக்க வசதியற்ற தூர இடங்களில் கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புகின்றனர். உலக வளிமண்டலவியல் அமைப்பு 1989இல் இவற்றையெல்லாம் உலக வளிமண்டலக் கண்காணிப்பு என்னும் ஒரே திட்டத்தின் கீழ் இணைத்தது.

மூன்று, தொடர்ச்சி அறாதிருத்தல். 1964இல் பணம் போதாமையால் மௌனா லோவாவில் அளவை சில மாதங்கள் நின்றது. அந்த வெற்றிடம் இன்றும் அக்கணக்கில் வெற்றிடமாகவே காணப்படுகின்றது. 2022 நவம்பரில் அம்மலை நெருப்பைக் கக்கியபோது எரிகுழம்பு பாதையையும் மின்கம்பியையும் துண்டித்தது. அப்பொழுது அண்மையிலுள்ள மௌனா கேயா மலைக்கு அளவையை மாற்றிக் கணக்கைத் தொடர்ந்தனர். 2023இல் பழைய இடத்தில் மீண்டும் தொடங்கினர்.

வாடையும் சோளகமும் கூறும் செய்தி

மன்னார் மக்கள் காற்றைத் திசையால் அறிந்தவர்கள். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். கோடையில் தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். இவ்விரண்டு காற்றும் இருவேறு சரக்கைச் சுமந்து வருவதைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள இந்திய நிலையங்கள் காட்டியுள்ளன.

இந்தியாவின் மேற்குக் கரையில், கோவாவிலுள்ள இராம முனையில் 1993 முதல் காற்று குடுவைகளில் பிடிக்கப்பட்டு ஆராயப்பட்டது. கிழக்குக் கரையில் புதுச்சேரியிலும், அந்தமானின் போட் பிளேயரிலும், இலடாக்கின் ஹான்லே மலையிலும் இந்திய, பிரெஞ்சு விஞ்ஞானிகள் சேர்ந்து காற்றைப் பிடித்து அளந்தனர். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், பெருங்கடலைத் தாண்டி வருங் காற்றில் மெதேன் குறைந்திருந்தது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், நிலத்தைத் தழுவி வருங் காற்றில் அது மிகுந்திருந்தது. வயல், சதுப்பு, கால்நடை, குப்பை, அடுப்பு ஆகிய யாவற்றின் மூச்சையும் வாடை சுமந்து வருகின்றது என்பது இதனால் விளங்கும். காற்றுக்கு வரம்பு இல்லை. ஒருவர் விட்ட வாயு எல்லோருக்கும் உரியதாகி விடுகின்றது.

மெதேனின் கணக்கில் மற்றொரு பாடமும் உண்டு. 1999 முதல் 2006 வரை அது ஏறக்குறைய ஏறாமல் நின்றது. பின்னர் 2007 முதல் மீண்டும் ஏறத் தொடங்கிற்று. 2024இல் அது நூறு கோடிப் பங்கு காற்றில் ஏறக்குறைய 1940 பங்காகும்; யந்திரத் தொழில்கள் பெருகுமுன் இருந்ததைப் போல இரண்டரை மடங்குக்கு மேற்பட்டது. நின்ற ஏழெட்டு ஆண்டுகளை மட்டும் பார்த்து அளவையை நிறுத்தியிருந்தால், மீண்டும் ஏறியதை உலகம் அறிந்திராது.

மன்னாருக்கு இதனால் வருவது யாது?

வாயு மிகுந்ததன் பயனாக, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் பூமியின் வெப்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் ஏறக்குறைய 1.1 பாகை கூடியிருந்தது. சூடேறிய கடல்நீர் விரிவதாலும் பனிமலைகள் உருகுவதாலும் 1901 முதல் 2018 வரை கடல் மட்டம் உலகச் சராசரியில் ஏறக்குறைய 20 சதம மீற்றர் உயர்ந்தது. இவை மன்னாரில் மூன்று வழியால் உணரப்படும்.

முதலாவது, கிணறு. மன்னார்த் தீவில் ஆறு இல்லை. தலைமன்னார் முதல் மன்னார் நகர் வரை மணலுக்குள் ஊறி நிற்கும் மழைநீரே தோட்டக் கிணறுகளின் நன்னீராகும். இந்நன்னீர் கீழேயுள்ள கனத்த உவர்நீரின் மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது நீரியல் விதி. ஆகவே அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், கீழிருந்து உவர்நீர் பல அடி ஏறி வர இடமுண்டாகும். கடல் உயர்வதும் கரை அரிவதும் இதே ஆபத்தைக் கூட்டும்.

இரண்டாவது, பூக்கும் பருவம். நெல் பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். பயிர் பசுமையாக நின்றும் சூடடிக்கும்போது மணி குறைவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

மூன்றாவது, மழை. மன்னாரின் ஆண்டு மழை ஏறக்குறைய 1000 மில்லிமீற்றர். அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. சூடேறிய காற்று கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது கடுமையாகப் பெய்தலும் இடையில் நீண்ட வரட்சி நிலவுதலும் எதிர்பார்க்கத் தக்கவை. குறுகிய காலத்து மழையை நம்பி வாழும் பிரதேசத்துக்கு இது சிறிய செய்தியன்று.

நெல்வயலும் மெதேனும்

பச்சைவீட்டு வாயுக்கள் மிகுந்ததற்குத் தலையாய காரணம் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்தலே. அப்பழியை நெற்செய்கையாளரின் தலையில் ஏற்றுதல் நியாயமன்று. எனினும் மனிதர் செயலால் உண்டாகும் மெதேனில் நூற்றுக்கு எட்டுப் பங்களவு நெல்வயல்களிலிருந்து வருகின்றது. நீர் எப்பொழுதும் தேங்கி நிற்கும் வயலில் ஒட்சிசன் மண்ணுக்குள் செல்லாது. அவ்விடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் வேரையும் சிதைத்து மெதேனை உண்டாக்கும். அது நெற்பயிரின் தண்டு வழியாகவே பெரும்பாலும் காற்றில் சேரும். இதனைக் குறைக்கும் முறைகள் நீரையும் மிச்சப்படுத்துவன. ஆதலால் உலகின் நன்மையும் கமக்காரரின் நன்மையும் இங்கு ஒன்றாகின்றன.

1. நீரை விட்டு விட்டுப் பாய்ச்சுக. விதைத்து அல்லது நட்டு முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குக் களையை அடக்க நீர் நிறுத்துக. அதன்பின் ஏறக்குறைய 30 சதம மீற்றர் நீளமான, பக்கமெங்கும் துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பாதி ஆழத்துக்கு மேல் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்து விடுக. குழாய்க்குள் நீர் தரைமட்டத்துக்கு 15 சதம மீற்றர் கீழே இறங்கிய பின்னரே மீண்டும் 5 சதம மீற்றர் நீர் பாய்ச்சுக. பூப்பதற்கு ஒரு வாரம் முன் தொடங்கிப் பூத்து ஒரு வாரம் வரை நீர் வற்ற விடலாகாது. இம்முறையால் விளைவு குறையாமல் நீரில் ஒரு பகுதி மிச்சமாகும். மெதேனும் ஏறக்குறைய அரைவாசியாகக் குறையும்.

2. மண்ணை அறிந்து செய்க. முருங்கன் பகுதியின் கரிய களிமண் காய்ந்தால் ஆழமாக வெடிக்கும். வெடிப்பினூடாகப் பாய்ச்சிய நீர் ஓடிவிடும். அங்கு மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றியவுடனேயே நீர் விடுக. கடலை அடுத்த உவர் வயல்களில் காயவிட்டால் உப்பு மேலே ஏறும். அங்கு இம்முறை ஏற்றதன்று. அத்தகைய வயலுக்கு உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 போன்ற இனங்களைத் தெரிந்து கொள்க. மழையை மட்டும் நம்பிய மானாவாரி வயல்களுக்கும் இம்முறை பொருந்தாது.

3. வாய்க்காலோடு ஒத்து நடக்க. அருவியாற்றின் தேக்கம் அணைக்கட்டிலிருந்து கட்டுக்கரைக் குளத்துக்கு வரும் நீர் முறைவைத்தே வாய்க்கால்களுக்கு விடப்படுகின்றது. ஒருவர் மட்டும் தனித்து இம்முறையைக் கையாளல் கடினம். கமக்காரர் அமைப்பில் பேசி, ஒரே வாய்க்காலின் கீழுள்ளோர் சேர்ந்து தொடங்குதல் நன்று.

4. வைக்கோலை எரியாதீர், பச்சையாகச் சேற்றில் புதைக்கவும் வேண்டாம். விதைப்புக்கு முப்பது நாளுக்கு மேல் முன்னதாக உழுது மண்ணோடு கலந்தால், அல்லது மக்கவைத்து எருவாக இட்டால், மெதேன் மிகக் குறையும். மண்ணும் வளம் பெறும்.

5. யூரியாவை அளவோடு பிரித்து இடுக. மிகையான நைதரசன் நைதரசு ஒட்சைட்டாகிக் காற்றில் சேரும். நீர் வற்றிய வயலில் இட்டு உடனே நீர் பாய்ச்சினால் பசளை வேரடியைச் சேரும், காசும் வீணாகாது.

6. தோட்டக் கிணற்றைக் காத்துக் கொள்க. ஒரே மூச்சில் நெடுநேரம் இறையாமல், சிறிது சிறிதாக இடைவிட்டு இறைக்க. பாத்திகளை வைக்கோலாலோ உலர்ந்த இலைகளாலோ மூடுக. போஞ்சி, வெங்காயம், மிளகாய் ஆகியன உவரில் விரைவில் நலிவடையும். தக்காளி சற்றுத் தாங்கும். பீற்றூட் அதனிலும் கூடுதலாகத் தாங்கும். நீரின் தன்மையறிந்து பயிரைத் தெரிந்து கொள்க.

கமக்காரர் வைத்திருக்க வேண்டிய கணக்கு

உலகின் கணக்கை விஞ்ஞானிகள் எழுதுகின்றனர். மன்னாரில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையம் மழையையும் வெப்பத்தையும் எழுதுகின்றது. ஆனால் ஒருவரின் கிணற்றிலும் வயலிலும் நிகழ்வதை அவரேயன்றி வேறெவரும் எழுத மாட்டார். இதற்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.

மழை: மேலும் கீழும் ஒரே அகலமான தகரப்பேணி ஒன்றை, மரமும் கூரையும் மறையாத வெளியில் நிமிர்த்தி வைக்க. காலை 8.30 மணிக்கு உள்ளிருக்கும் நீரின் ஆழத்தை மில்லிமீற்றரில் அளந்து எழுதிப் பேணியைக் கவிழ்த்து விடுக. ஒரு மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 4000 இலீற்றர் நீராகும்.

கிணறு: இறைப்பதற்கு முன், கிணற்றுக் கட்டின் ஒரே அடையாளத்திலிருந்து நீர் எத்தனை அடி கீழே நிற்கின்றது என்பதை வாரம் ஒருமுறை முடிச்சிட்ட கயிற்றால் அளந்து எழுதுக.

உவர்: மாரி முடிவில் ஒருமுறையும் கோடை முடிவில் ஒருமுறையும் ஒரு போத்தல் கிணற்று நீரை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிச் சோதிப்பித்து, விடையைக் குறித்து வைக்க.

பயிர்: விதைத்த நாள், பூத்த நாள், அறுத்த நாள், இட்ட பசளை, ஏக்கருக்குக் கிடைத்த புசல் ஆகியவற்றை ஒவ்வொரு போகத்திலும் எழுதுக.

மௌனா லோவாவின் ஒழுங்கே இங்கும் ஒழுங்காகும். இடமும் நேரமும் அளவுகோலும் மாறலாகாது. மாற்ற நேர்ந்தால் மாற்றிய நாளை எழுதுக. அளக்கத் தவறிய நாளைக்கு ஊகத்தால் எண் இடாமல், கட்டத்தை வெறுமையாக விடுக. பொய்யான எண்ணிலும் வெற்றிடம் மேலானது.

முதலாண்டில் இக்கொப்பி ஒன்றுங் கூறாது போலத் தோன்றும். ஐந்தாண்டில் நல்ல ஆண்டும் தீய ஆண்டும் பிரிந்து தெரியும். பத்துப் பதினைந்து ஆண்டில், கோடையில் கிணறு முன்னையிலும் தாழ்கின்றதா, உவர் ஏறுகின்றதா, பூக்கும் நாளைச் சிறிது முன்னோ பின்னோ தள்ளினால் பதர் குறைகின்றதா என்பன புலப்படும். கிணறு கெட்டபின் அதனை நன்னீராக்குதல் அரிது. கெடப்போவதை முன்னரே அறிந்தால் இறைப்பைக் குறைத்தும் பயிரை மாற்றியும் காக்கலாம். மகனோ மகளோ அத்தோட்டத்தைப் பொறுப்பேற்கும் நாளில், காணி உறுதியோடு சேர்த்துக் கையளிக்கத் தக்க சொத்து இக்கொப்பியாகும்.

ஒரே வாய்க்காலின் கீழ், அல்லது ஒரே ஊரின் தோட்டங்களில், நாலைந்து பேர் இவ்வாறு எழுதி ஆண்டுக்கு ஒருமுறை பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்த்தால் பயன் பன்மடங்காகும். நீர்க்குழாய் அமைக்கும் முறை, கிணற்று நீர்ச் சோதனை, உவரைத் தாங்கும் நெல்லினங்கள் ஆகியன பற்றி மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பிரிவு விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகுக. இம்முறை பெரும்போக விதைப்புக்கு முன்னரே கொப்பியின் முதற் பக்கத்தில் நாளையும் கிணற்றின் நீர்மட்டத்தையும் எழுதித் தொடங்குதல் நன்று.